அன்னாரைப் பற்றிச் சில வார்த்தைகள்: நினைத்தலும் புகழ்தலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புப் பார்த்தேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர் எல்லாம் கைக்கு வரும். அதிகம் வந்தது கல்வெட்டுத்தான். தமிழ்நாட்டு வாசகர்கள் மயங்க வேண்டாம். இது கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவோர் கையில் கொடுக்கும் நினைவு மலருக்கு யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கும் பெயர் அது. இப்போது வேலையை விட்டு வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் தொலைபேசி ஓயவில்லை. நாளை மலர்ச்சாலையில் (அடக்கத்துக்கு முன் உடலை அஞ்சலிக்கு வைக்கும் இடம்) பேசச் சொல்லிவிட்டார்கள், என்ன சொல்வது? அம்மாவின் கல்வெட்டில் எதைப் போடுவது, எதை விடுவது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம்.

நினைப்பதும் புகழ்வதும் ஒன்றுதானே? ஏன் பிரிக்கிறீர்கள்?

மெய்ப்புப் பார்ப்பவனின் கண்ணால் சொல்கிறேன். “1971இல் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதினார்” என்று ஒரு வரி வருகிறது. அதில் பிழை இருக்கலாம். வந்தது 1972 ஆக இருக்கலாம். கடை இரும்புக்கடையாக இருக்கலாம். மூத்த மகளிடம் கேட்டால் திருத்துவார். “பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம்” என்று வரும் வரியை யாரிடம் காட்டித் திருத்துவது? எழுத்துப்பிழையைத் தவிர வேறு பிழை அதில் வரவே முடியாது. திருத்த இடமுள்ள வரி அந்த மனிதரிடமிருந்து வந்தது. மற்றது எங்கிருந்தும் வரலாம். போன மாதக் கல்வெட்டிலிருந்தும் வரலாம், வந்தும் இருக்கிறது.

பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் “எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர்” என்றார்கள். ஆறாவதாக, அவரோடு வேலை செய்த ஒருவர் எழுந்தார். “காலையில் 101ஆம் இலக்க பஸ்ஸில் வருவார். ஜன்னலோர இருக்கை இல்லையென்றால் ஏறமாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அதனால் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை” என்றார். முன்வரிசையில் இருந்த மனைவி, “101 இல்லை, 100” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அதுவரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை.

அப்படியென்றால் புகழவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. துக்க வீட்டில் பேச்சு வராதவர்களுக்குப் பழகிய சொற்கள் ஒரு கைத்தடி. “நல்ல மனிசன்” என்று சொல்லிக் கையைப் பிடித்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. வேறு சொல் அகப்படாமல் அதைச் சொல்கிறார். ஒலிவாங்கியின் முன் பத்து நிமிடம் நின்று அதையே சொல்பவரிடம்தான் எனக்குக் கோபம். அவருக்குத் தயாராக முதல்நாள் முழுவதும் இருந்தது.

மரண அறிவித்தலில் வரும் “பாசமிகு”, “அன்பு” எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா?

விட்டுவிடுங்கள். அறிவித்தலில் அவை பெயர்களைக் கோர்க்கும் நூல். “யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட” என்று தொடங்கி, “காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் அருமைத் தாயாரும்” என்று போகும் அந்த நீண்ட வாக்கியத்தில் ஒருவர் யாருக்கெல்லாம் என்ன உறவு என்பது முழுவதும் இருக்கிறது. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிடும். யாரும் அடைமொழியைக் கேட்கவில்லை. எந்த ஊர், யாருடைய ஆள் என்பதைக் கேட்டார்கள்.

அங்கே கவனிக்க வேண்டிய சொல் “காலஞ்சென்ற”. உயிரோடு இருக்கும் மைத்துனருக்கு அதைப் போட்டுவிட்டால் ஆயுளுக்கும் பகை. போட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டாலும் யாராவது ஒருவர் மறக்கப்பட்டார் என்று பொருள். இன்னொன்று, பெயரை விடுவது. காணிச் சண்டையில் பேசாமல் இருக்கும் தம்பியின் பெயரை நீக்கித் தரச் சொன்னவர்கள் உண்டு. அடைமொழியை எத்தனை வேண்டுமானாலும் கூட்டுங்கள், குறையுங்கள். பெயரில் கைவைக்காதீர்கள்.

என் அப்பா நல்லவர் இல்லை. குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். நான் மூத்த பிள்ளை, பேசச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகு அழைப்பார்கள்.

முதலில், பேச மாட்டேன் என்று சொல்லலாம். பந்தம் பிடிப்பது பேரப்பிள்ளைகளின் கடமை, கொள்ளி வைப்பது மகனின் கடமை. உரையாற்றுவது எந்தக் கிரியையிலும் கடமையாகச் சொல்லப்படவில்லை. யாழ்ப்பாணச் சைவ வீடுகளில் மரணக் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது பாடும் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் இருபது பாடல். இருபதிலும் இறந்தவரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சிவன் நீராடுவதற்குப் பொடி இடிக்கிற பாட்டு அது. நம் முன்னோர் அந்த இடத்தில் யாரையும் புகழ வேண்டிய நெருக்கடியை யாருக்கும் வைக்கவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாகத் தோன்றும்.

பேசத்தான் வேண்டுமென்றால், நடந்ததில் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார், எப்போது கொழும்புக்கு வந்தார், என்ன வேலை செய்தார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார். சொல்லாமல் விடுவது பொய்யல்ல. “அன்பே உருவானவர்” என்று அம்மாவுக்கு முன்னால் நின்று சொன்னால்தான் பொய். அதைக் கேட்டுக்கொண்டு அந்த அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும். நாற்பது வருடம் அனுபவித்ததை ஒரு நிமிடத்தில் இல்லையென்று ஆக்குவதற்கு அவர் பெற்ற பிள்ளையே வந்து நிற்பதுபோல் ஆகிவிடும். சடங்கு முடிந்த பிறகு வீட்டுக்குள் ஒருவரோடொருவர் உண்மையைப் பேசிக்கொள்வதற்கும் அந்த உரை பூட்டுப் போட்டுவிடும்.

ஒரு பெண்பிள்ளை அறிவித்தல் எழுதிக்கொண்டு வந்தார். மற்ற எல்லா இடத்திலும் அன்பு, ஆருயிர் இருந்தன. தகப்பன் இருந்த இடத்தில் “தந்தையும்” என்று மட்டும் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்தபோது “அன்புத் தந்தையும்” என்று இருந்தது. அங்கே யாரோ விடுபட்டுவிட்டதாக நினைத்து, உதவியாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் என்னிடம் அழுததை நான் மறக்கவில்லை.

கல்வெட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், என் தொழில்.

பழைய கல்வெட்டின் உயிர் திதி வெண்பா. இறந்த வருடத்தின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்பதை நாலு வரியில் கட்டிவைப்பார்கள். ஆண்டுத் திவசம் திகதியைப் பார்த்து வருவதில்லை, திதியைப் பார்த்து வருவது. ஆண்டுக்கு ஆண்டு அது முன்பின் நகரும். கலண்டரைத் தொலைத்தாலும் பேரன் வாயில் வெண்பா நிற்கும் என்ற ஏற்பாடு. வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் ஆங்கில ஆண்டையும் கீழே போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு குரோதி வருடத்துக்கும் இன்னொரு குரோதி வருடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

அடுத்தது புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் ஒரே புலவர் ஒரே இரவில் எழுதியிருப்பார். மருமகன் பெயரில் வரும் விருத்தத்தில் “மாமா” என்பதை “மாமி” என்று மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஒப்பாரி சொல்லி அழும் அம்மம்மாக்கள் கொழும்பு அடுக்குமாடிகளில் இல்லாதபோது, அந்த வேலையை யாரோ காசுக்குச் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒப்பாரியில் பெயர் சொல்லி, “நீ வைத்த மரம் காய்க்குதே” என்று குறிப்பாக ஏதாவது வந்துவிடும். அச்சிட்ட புலம்பலில் மரம் இருக்கும், எந்த மரம் என்று இருக்காது.

பிறகு வம்சாவளி. இதற்குத்தான் பக்கத்தைச் செலவிட வேண்டும். நூலகம் என்ற இணையத் தளத்தில் ஈழத்து நினைவு மலர்களையும் மின்வருடிப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கும் தங்கள் பாட்டனாரைத் தேடும் புலம்பெயர் பிள்ளைகளுக்கும் அவை ஆவணம். தேடுகிறவருக்கு என்ன உதவுகிறது என்று பாருங்கள்: யார் யாரை மணந்தார், எந்தப் பாடசாலையில் படிப்பித்தார், எந்த ஆண்டில் மலாயாவிலிருந்து திரும்பினார். “செந்தண்மை பூண்டொழுகிய செம்மல்” என்பதை வைத்து ஒருவரும் ஒருவரையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

தேவாரம், திருவாசகம் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. நீரிழிவுக்கு வெந்தயம் நல்லது என்ற குறிப்பைச் சேர்ப்பதில் உண்டு. ஆனாலும் அந்தப் பக்கத்துக்காகக் கல்வெட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தோற்றுப்போன கட்சி என்னுடையது.

எவ்வளவு நேரம் பேசலாம்?

மூன்று நிமிடம். மலர்ச்சாலைக்காரர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குமுன் இறங்கிவிடுங்கள். பொரளைக் கனத்தை மயானத்தில் தகனத்துக்குக் குறித்த நேரம் உங்களுக்காகக் காத்திருக்காது.

பழந்தமிழில் இந்த வேறுபாடு உண்டா, அல்லது நீங்களாகச் சொல்கிறீர்களா?

உண்டு. புறத்திணையில் ஒருவனைப் புகழ்ந்து பாடுவது பாடாண். இறந்தவனை நினைத்து எஞ்சியிருப்பவர் வருந்துவது கையறுநிலை என்ற தனித் துறை. தொல்காப்பியம் அதைச் சொல்லும்போது “ஒழிந்தோர் புலம்பிய” என்கிறது. அதாவது பின்னே விடப்பட்டவர்களின் பேச்சு.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாக வரும் புறநானூறு 235ஐ எடுத்துப் பாருங்கள். கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் குடிப்பான். எலும்பும் சதையுமாக இருந்த இடத்தை எங்களுக்கு விடுவான். அம்பும் வேலும் வந்த இடத்தில் தான் நிற்பான். நரந்தம் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான். வள்ளல் என்றும் வீரன் என்றும் பட்டம் கொடுக்க எவ்வளவோ இடமிருக்க, கள்ளின் அளவும் கையின் வாசமும் எதற்கு? தலையைத் தடவியதை ஔவை சொல்லாமல் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

பாட்டின் முற்பகுதியில் இப்படி ஒவ்வொன்றைச் சொல்லி முடிக்கும்போதும் “மன்” என்ற இடைச்சொல் வருகிறது. அதற்குரிய பொருள்களில் ஒன்று கழிவு. அப்படி இருந்தது, இனி இல்லை. உரையாசிரியர்கள் கழிவுக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பாட்டின் முதல் வரியையே காட்டுவார்கள். ஒரு முழு அஞ்சலியை ஓர் இடைச்சொல் சுமந்துவிடுகிறது. நமக்கு ஒரு பக்கம் அடைமொழி தேவைப்படுகிறது.

கொழும்பில் எல்லாச் சமயத்தவர் வீட்டுக்கும் போகிறோம். அங்கெல்லாம் பேசச் சொன்னால்?

கத்தோலிக்க வீடு என்றால் திருப்பலிக்குள் புகழுரைக்கு இடமில்லை. இது அருட்தந்தையின் பிடிவாதம் என்று நினைத்து முகம் கோணாதீர்கள். உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 382ஆம் எண், அடக்கத் திருப்பலியில் வழக்கமாகச் சுருக்கமான மறையுரை இருக்க வேண்டும், எவ்வகைப் புகழுரையும் கூடாது என்கிறது. இறுதி விடைகொடுக்கும் சடங்குக்கு முன் குடும்பத்தவர் ஒருவர் சில சொற்கள் சொல்லலாம். நவம்பர் 2ஆம் திகதி எல்லா ஆன்மாக்களின் நாளில் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். புல்லைச் செதுக்கி மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள், யாரும் உரை நிகழ்த்துவதில்லை.

முஸ்லிம் வீட்டில் அநேகமாக உங்களைப் பேசச் சொல்லவே மாட்டார்கள். ஜனாஸா விரைவில் அடக்கப்படும். தொழுகையில் முக்கியமானது இறந்தவருக்காக மன்னிப்புக் கேட்கும் பிரார்த்தனை. இறந்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் தாம் முற்படுத்தியதைச் சென்றடைந்துவிட்டார்கள் என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. என் மனத்தில் நின்றது வேறொன்று. மாளிகாவத்தையில் ஒரு ஜனாஸாவில், தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, “வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு” என்றான். பின்வரிசையிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். அதைவிடச் சரியான அஞ்சலியை நான் கேட்டதில்லை. திருத்தத்துக்கு இடம் வைத்துப் பேசினான் அந்தப் பிள்ளை.

சிங்கள பௌத்த நண்பர்கள் வீட்டில் ஏழாம் நாள் தானத்துக்குக் கட்டாயம் போங்கள். பிக்குகளுக்கு உணவளித்து, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்கு அனுப்புகிறார்கள். சவ அடக்கத்தின்போது பிக்குகளுக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணிக்கு மதக வஸ்திரம் என்று பெயர். அங்கே “மதக” என்பது இறந்தவரைக் குறிக்கிறது. அன்றாடச் சிங்களத்தில் அதே ஒலியுள்ள சொல்லுக்கு நினைவு என்று பொருள். இரண்டுக்கும் மூலம் ஒன்றோ வேறோ, என் காதுக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

முப்பத்தொன்று முடிந்தது. பிறகு எப்படி நினைப்பது?

சமைத்து. கிண்டலாகச் சொல்லவில்லை. முப்பத்தொன்றுக்கு முன்பே, எட்டாம் நாளை ஒட்டி வரும் எட்டுச் செலவுப் படையலிலேயே அது தொடங்கிவிடும். அவருக்கு விருப்பமானது எது என்று யாராவது கேட்பார்கள். அங்கே பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது. மீன் பொரியலா, குழம்பா? சுருட்டா, சிகரெட்டா? தெரிந்திருக்க வேண்டும்.

தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திராப் பௌர்ணமி. தீர்த்தமாட யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குப் போக முடியாதவர்கள் கொழும்பு முகத்துவாரத்துக்குப் போகிறார்கள். ஆடி அமாவாசைக்கு முன் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் காத்தோட்டிக்காய் வந்துவிடும். கசப்பான சிறு காய். வருடத்தின் மற்ற நாளில் ஒருவரும் தேடுவதில்லை. அன்று அதைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போகும் ஆண்களைப் பார்த்தாலே தெரியும், தகப்பன் இல்லாதவர்கள்.

நினைவுப் பேருரை வைப்பதும் நல்ல வழக்கம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபத்தில் அப்படிப் பல கேட்டிருக்கிறேன். இறந்தவரைப் பற்றி ஐந்து நிமிடம், அவர் நேசித்த துறையைப் பற்றி ஐம்பத்தைந்து நிமிடம் என்று பேசுகிறவர்களே சரியாகப் பேசுகிறவர்கள். இதைத் தலைகீழாக்குகிறவர்கள் வரும் நாளில் தேநீருக்கு மட்டும் போவேன்.

வாட்ஸ்அப்பில் “ஆழ்ந்த அனுதாபங்கள்” என்று அனுப்பினால் போதுமா?

போதும். நூறு பேர் அனுப்பிய பிறகு நூற்றியோராவதாக அனுப்புவதைவிட, ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்துப் பாருங்கள்.

உடலும் இல்லை, நாளும் தெரியாது. எப்படி நினைப்பது?

1983 ஜூலை 24 இரவு. கனத்தையில் 13 இராணுவத்தினரின் உடல்களை அடக்கம் செய்வதற்காகக் கூடியிருந்த கூட்டத்திலிருந்து பொரளையில் தொடங்கியது தமிழருக்கு எதிரான அந்த வன்முறை. அன்றும் அடுத்த நாட்களிலும் கொல்லப்பட்ட தமிழர் பலருக்கு மலர்ச்சாலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அதே பொரளைச் சந்தியில்தான் இன்றும் நாங்கள் மற்றவர்களுக்குப் பூமாலை வாங்குகிறோம். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில், குறிப்பாகப் புரட்டாதி மாளய அமாவாசையில், செய்யலாம் என்பது வழக்கம். அதைத்தான் கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக அண்மைய ஆண்டுகளில் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் சுடர் ஏற்றினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பேசச் சொன்னால் பெயர்களை வாசியுங்கள். பெயர், வயது, ஊர். முடிந்ததும் நிறுத்துங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் “அமரர்” என்ற சொல்லை எடுக்காதீர்கள். ஒரு தாய் மகனின் பெயரோடு ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்க வந்தார். எழுதியவர் “படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தான்” என்று எழுதியிருந்தார். அந்தத் தாய் பேனையை வாங்கி, “கெட்டிக்காரன்” என்று முற்றுப்புள்ளி வைத்தார். இறந்தகாலத்தை மட்டும் வெட்டினார்.

கல்வெட்டு அச்சாகி வந்துவிட்டது. உள்ளே பிழை இருக்கிறது. என்ன செய்வது?

ஒட்டுத்துண்டு அடிக்காதீர்கள், ஒரு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். குடும்பத்தவர் நாலு பேர் உட்கார்ந்து, பேனையால் ஒவ்வொரு பிரதியிலும் திருத்துங்கள். கையெழுத்து இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

என் அப்பாவின் கல்வெட்டிலேயே அது நடந்தது. அவர் விடிவதற்குச் சற்று முன் காலமானார். நான் திருக்கணித பஞ்சாங்கத்தைப் பார்த்துத் துவாதசி என்று வெண்பாக் கட்டுவித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணன் வாக்கிய பஞ்சாங்கத்தை விரித்து, அந்த நேரத்தில் இன்னும் ஏகாதசி முடியவில்லை என்றார். இரண்டும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கங்கள்தான். நாழிகைக் கணக்கில் ஒத்துப்போவதில்லை. பிரதிகளில் பாதியை அவர் திருத்தினார், பாதியை நான் திருத்தாமல் கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் அவர் வீட்டில் திவசம் முடிந்த மாலையில் எனக்குத் தொலைபேசி வரும். “உன்னுடைய அப்பாவுக்கு நாளைக்குத்தானே?” என்று கேட்டுவிட்டு, என்ன கறி வைத்தார்கள் என்று சொல்லத் தொடங்குவார்.